உங்கள் தெருவில் யார் ஓட்டுப் போடவில்லை?

சார்லட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியது:

"நேற்று தபாலில் ஒரு காகிதம் வந்தது. என் பெயர், என் கணவர் பெயர், அக்கம்பக்கத்து ஐந்து வீட்டுக்காரர்கள் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 2020, 2022 என்று இரண்டு கட்டம். ஓட்டுப் போட்டவர்களுக்கு 'ஆம்'. போடாதவர்களுக்குக் காலி. எனக்கு 2020 காலி. அப்போது நான் குடியுரிமையே வாங்கவில்லை! தேர்தல் முடிந்ததும் திருத்திய பட்டியல் அனுப்புவார்களாம். இது நிச்சயம் சட்டவிரோதம். யாரிடம் புகார் கொடுப்பது?"

அக்டோபர் 14, 2024

சட்டவிரோதம் இல்லை. புகார் கொடுத்தாலும் நிற்காது.

யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்பதுதான் ரகசியம். போட்டீர்களா இல்லையா என்பது அமெரிக்காவில் பொது ஆவணம். உங்கள் வட கரோலினாவில் மாநிலத் தேர்தல் வாரியத்தின் இணையதளத்திலேயே முழுப் பட்டியலும் இருக்கிறது. காசு கூட வேண்டாம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பெயர், முகவரி, வயது, இனம், எந்தக் கட்சிக்காரராகப் பதிந்திருக்கிறார், எந்தெந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டார், நேரிலா தபாலிலா, எல்லாம் அதில் உண்டு. நான் இருக்கும் மிச்சிகனில் கேட்டு வாங்க வேண்டும். இங்கே கட்சிப் பதிவு கிடையாது. ஆனால் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் மட்டும் எந்தக் கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கினோம் என்பது பதிவாகிவிடும். அதையும் பார்க்கலாம்.

முன்பெல்லாம் இந்தப் பட்டியல்கள் கவுண்டி கவுண்டியாக (நம் மாவட்டம் மாதிரி) சிதறிக் கிடந்தன. 2002ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் மாநிலத்துக்கு ஒரே கணினிப் பட்டியல் வேண்டும் என்றது. அதன் பிறகு இதை வாங்கி, தொகுத்து, கட்சிகளுக்கு விற்பதே ஒரு தொழிலாகிவிட்டது.

அக்டோபர் 14, இரவு

மதியம் எழுதியதைத் திரும்பப் படித்தேன். உங்கள் 2020 கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டேன். நீங்கள் கேட்டதே அதைப் பற்றித்தான்.

உங்கள் மாநிலத்து வரலாற்றுக் கோப்பைத் திறந்து பார்த்தால் "ஓட்டுப் போடவில்லை" என்று எங்கும் எழுதியிருக்காது. ஒருவர் ஒரு தேர்தலில் ஓட்டுப் போட்டிருந்தால் அதற்கு ஒரு வரி இருக்கும். போடாவிட்டால் வரியே இல்லை, அவ்வளவுதான். ஆக, அந்தக் காலிக் கட்டத்தை அரசு உண்டாக்கவில்லை. தபால் அனுப்பியவர்கள்தான் கட்டம் போட்டு, வருடம் எழுதி, உங்கள் பெயரைப் பக்கத்தில் வைத்து, இல்லாத ஒன்றை ஒரு குற்றம் மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். நீங்கள் என்றைக்குப் பதிவு செய்தீர்கள் என்ற தேதியும் அதே மாநிலத்துப் பதிவுக் கோப்பில் இருக்கிறது. பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தால் ஒரு நிமிட வேலை.

அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், ஆனால் இன்று இல்லை.

அக்டோபர் 15

இந்தக் காகிதத்தின் பூர்வீகம் எங்கள் மிச்சிகன்தான். கிழக்கு லான்சிங்கில் மார்க் கிரெப்னர் என்ற அரசியல் ஆலோசகர் வாக்காளர் பட்டியல் தொகுத்து விற்பதையே தொழிலாகச் செய்தவர். அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும் என்று சொன்னால் ஆட்கள் ஓட்டுப் போட வருவார்கள் என்பது அவர் யோசனை. அவரோடு சேர்ந்து ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன், கிறிஸ்டபர் லாரிமர் என்ற மூன்று அரசியல் அறிவியல் பேராசிரியர்கள் 2006 ஆகஸ்ட் முதல்நிலைத் தேர்தலில் அதைச் சோதித்தார்கள். சுமார் 1,80,000 வீடுகள். அதில் ஒரு லட்சம் வீட்டுக்கு எதுவும் அனுப்பவில்லை. மீதியை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சுமார் 20,000 வீடு, தேர்தலுக்குப் பதினொரு நாள் முன்னால் ஒரே ஒரு காகிதம்.

முதல் வகைக் காகிதம் ஓட்டுப் போடுவது கடமை என்று மட்டும் சொன்னது. இரண்டாவது, உங்களை ஆய்வு செய்கிறோம் என்றது. மூன்றாவதில் அந்த வீட்டாரின் பழைய ஓட்டுக் கணக்கு இருந்தது. நான்காவதில் தெருவே இருந்தது: அக்கம்பக்கத்துப் பெயர்கள், 2004ல் யார் போட்டார் யார் போடவில்லை, தேர்தல் முடிந்ததும் திருத்திய பட்டியல் வரும் என்ற அறிவிப்பு.

ஒன்றும் அனுப்பாத வீடுகளில் 29.7 சதவீதம் ஓட்டுப் போட்டார்கள். கடமைக் காகிதத்துக்கு 31.5, ஆய்வுக் காகிதத்துக்கு 32.2, சொந்தக் கணக்குக்கு 34.5. தெருப் பட்டியலுக்கு 37.8.

எட்டு சதவீதப் புள்ளி கூடுதல். சாதாரணத் தேர்தல் தபால் ஒரு புள்ளி நகர்த்தினாலே பெரிது. வீடு வீடாகக் கதவைத் தட்டி, முகம் பார்த்துப் பேசிக் கிடைக்கும் பலன் ஒரு காகிதத்தில் கிடைத்துவிட்டது. 2008ல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அதைப் படிக்காத தேர்தல் ஆலோசகர் இந்த நாட்டில் இருக்க மாட்டார்.

உங்கள் வீட்டுக்கு வந்தது அந்த நான்காவது காகிதத்தின் பேரக்குழந்தை.

அக்டோபர் 16

சரி, எனக்கு எப்படித் தெரியும் என்பது.

2022 ஆகஸ்டில் எங்கள் ஊர் நூலகத்துக்கான சொத்து வரி ஓட்டுக்கு வந்தது. இங்கே நூலகம், பள்ளி, பூங்கா எல்லாவற்றுக்கும் ஊரே ஓட்டுப் போட்டுத்தான் வரியை நீட்டிக்க வேண்டும். தோற்றால் வேலை நேரம் பாதியாகும், குழந்தைகளுக்குக் கதை சொல்லும் வகுப்பு போய்விடும் என்ற நிலை. என் பெண் பேசப் பழகியதே அந்த வகுப்பில்தான். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தோம். கணக்கு வழக்கு என் பொறுப்பு. வாக்காளர் பட்டியலை வாங்கியதும் நான், அதை எக்செல்லில் போட்டுத் தெருத் தெருவாகப் பிரித்ததும் நான்.

மிச்சிகன் ஆய்வைக் குழுவில் எடுத்து வைத்ததும் நானேதான். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். ஒருவர், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், "இது கரும்பலகையில் பெயர் எழுதுவது மாதிரி" என்றார். நான் எண்களைக் காட்டிப் பேசினேன். ஆகஸ்ட் தேர்தலில் பத்துப் பேருக்கு மூன்று பேர் கூட வர மாட்டார்கள், எட்டுப் புள்ளி கிடைத்தால் நூலகம் பிழைக்கும் என்றேன். நான் சொன்னதுதான் நடந்தது. எங்கள் பகுதித் தெருக்களுக்குத் தெருப் பட்டியலோடு போயிற்று. என் தெருவுக்கான காகிதத்தை என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானே மடித்தேன்.

வரி நீட்டிப்பு வென்றது. குறைந்த வித்தியாசம்தான். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் தோற்றிருப்போமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு வருடமாக யோசிக்கிறேன்.

தேர்தலுக்கு நான்கு நாள் முன்னால் எதிர் வீட்டுப் பெரியவர் தெருவோரத் தபால் பெட்டி அருகே என்னை நிறுத்தினார். எழுபது வயதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பிரித்து, தன் பெயருக்கு நேரே விரலை வைத்தார். இரண்டு கட்டமும் காலி.

"நான் யெகோவாவின் சாட்சி. நாங்கள் ஓட்டுப் போடுவதில்லை, அரசியலில் எந்தப் பக்கமும் நிற்பதில்லை. நான் எங்கேயும் போய்ப் பதியவும் இல்லை. என் பெயர் இதில் எப்படி வந்தது?"

பதிலை அங்கேயே நின்று சொன்னேன். 2018ல் மிச்சிகன் மக்கள் ஓட்டுப் போட்டு அரசியலமைப்பைத் திருத்தினார்கள். அதன்படி ஓட்டுநர் உரிமம் வாங்கினாலோ புதுப்பித்தாலோ, வேண்டாம் என்று சொல்லாதவர்கள் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடும். அவர் 2020ல் உரிமம் புதுப்பித்திருந்தார். நல்ல சட்டம் அது, நானும் ஆதரித்தேன். இவர் விஷயத்தில் அவருக்குத் தெரியாமலே பெயர் ஏறிவிட்டது. அதன் மேல் நான் இரண்டு காலிக் கட்டத்தைப் போட்டுத் தெரு முழுக்க அனுப்பிவிட்டேன்.

"ஓ, அப்படியா" என்றார். காகிதத்தை மறுபடி அதே மடிப்பில் மடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போனார். அனுப்பியது நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 17

திருத்தம். நேற்றும் அதற்கு முன்தினமும் எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் நவம்பரில் இதை எல்லா இடத்திலும் செய்யலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எட்டுப் புள்ளி என்பது யாரும் எட்டிப் பார்க்காத ஒரு ஆகஸ்ட் தேர்தலில் கிடைத்தது. வீட்டுக்கு வீடு சண்டை நடக்கும் பெரிய தேர்தலில் அது வெகுவாகச் சுருங்கிவிடும். 2012 ஜூனில் விஸ்கான்சின் ஆளுநர் ஸ்காட் வாக்கரைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்கும் தேர்தல் நடந்தபோது இதே மாதிரி காகிதங்கள் போயின, 2008லும் 2010லும் யார் போட்டார் என்ற கணக்கோடு. அந்தத் தேர்தலை வைத்துச் செய்த ஆய்வில் கிடைத்த பலன் மிச்சிகனில் கிடைத்ததற்குப் பக்கத்தில் கூட வரவில்லை. வரப்போகிறவர்கள் எப்படியும் வந்துவிடுகிறார்கள். மீதி இருப்பது எரிச்சல் மட்டும்.

அக்டோபர் 19

"இது டெமாக்ரட் வேலை" என்று ஒருவர், "ரிபப்ளிகன் புத்தி" என்று இன்னொருவர். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், இதில் கட்சி பேதமே இல்லை.

2014 இலையுதிர் காலத்தில் நியூயார்க் மாநில டெமாக்ரட் கட்சிக் குழு தன் சொந்த வாக்காளர்களுக்கே கடிதம் அனுப்பியது. யாருக்கு ஓட்டு என்பது உங்கள் ரகசியம், போட்டீர்களா என்பது பொது ஆவணம், தேர்தலுக்குப் பிறகு பதிவேட்டைப் பார்ப்போம், நீங்கள் போடவில்லை என்றால் ஏன் என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருப்போம் என்று. தெருமுனையில் நின்று "பார்த்துக்கறேன்" என்று சொல்கிறவன் குரல் இது.

2016 ஜனவரியில் அயோவாவில், ரிபப்ளிகன் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியிட்ட டெட் குரூஸ் தரப்பு அனுப்பியது இன்னும் மோசம். மேலே "வாக்களிப்பு மீறல்" என்று தலைப்பு. அரசாங்க நோட்டீஸ் மாதிரித் தோற்றம். பெயருக்கு எதிரே சதவீதம், பக்கத்தில் 'எஃப்' என்ற கிரேடு. பெயிலாகிவிட்டீர்கள் என்று பொருள். அக்கம்பக்கத்தார் மதிப்பெண்ணும் கீழே. திங்கட்கிழமை காகஸுக்கு (கட்சிக்காரர்கள் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம்) வந்து மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி. அந்த மாநிலத்தில் தேர்தல் பொறுப்பு வகித்த பால் பேட் அதே ரிபப்ளிகன் கட்சிக்காரர். அவரே கண்டித்து அறிக்கை விட்டார்: ஓட்டுப் போடாதது மீறல் என்று எந்தச் சட்டமும் இல்லை, அவருடைய அலுவலகம் யாருக்கும் மதிப்பெண் போடுவதும் இல்லை. காகஸ் கூட்டத்துக்கு யார் வந்தார் என்ற கணக்கை அங்கே வைத்திருப்பது கட்சிகள்தான், அரசு இல்லை. குரூஸ் மன்னிப்புக் கேட்க மறுத்தார். காகஸில் அவர்தான் ஜெயித்தார்.

ஜெயித்தார் என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. நாங்களும் ஜெயித்தோம்.

அக்டோபர் 20

"பொது ஆவணம் என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு என்ன தப்பு?"

இந்தக் கேள்விதான் எனக்கும் தூக்கம் கெடுத்தது. பட்டியல் எதற்காகத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். செத்தவர் பெயரில் ஓட்டு விழுகிறதா, உயிரோடு இருப்பவர் பெயரை அதிகாரி எடுத்துவிட்டாரா என்று குடிமக்கள் சரிபார்க்க. 1993ல் வந்த வாக்காளர் பதிவுச் சட்டம், பட்டியலைப் பராமரிக்கும் பதிவேடுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கச் சொன்னதும் அந்தக் காரணத்துக்காகத்தான். தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களைப் பட்டியலில் சேர்க்காமலே ஏமாற்றிய வரலாறு உள்ள நாடு இது. பட்டியல் மூடியிருந்தால் யார் விடுபட்டார் என்றே தெரியாது.

அரசை நாம் கண்காணிக்கக் கிடைத்த ஜன்னல் அது. அதே ஜன்னல் வழியாக எதிர் வீட்டை எட்டிப் பார்க்கச் சொல்கிறது இந்தக் காகிதம். நான் எக்செல்லில் தெரு வாரியாக அடுக்கியபோது செய்தது அதைத்தான். சட்டம் என்னைத் தடுக்கவில்லை, தடுக்க வேண்டும் என்று இப்போதும் நான் கேட்கவில்லை. பட்டியல் திறந்தே இருக்க வேண்டும். அதைக் கையில் வாங்குகிறவருக்குத்தான் கூச்சம் வேண்டும். எனக்கு அன்று இருக்கவில்லை.

அக்டோபர் 22

கும்பகோணத்துக்காரர் ஒருவர், "நம்ம ஊர்ல பூத் ஏஜென்ட் செய்யாததா" என்று எழுதியிருக்கிறார். உண்மை. எங்கள் தாத்தா வீடு தஞ்சாவூர்ப் பக்கம். ஓட்டுச்சாவடிக்குள் கட்சி ஏஜென்ட் உட்கார்ந்து, வருகிறவர் பெயரை வோட்டர் லிஸ்ட்டில் பென்சிலால் அடித்துக்கொண்டே இருப்பார். மூன்று மணிக்கு மேல் அடிபடாத பெயர்களை வெளியே அனுப்புவார்கள். தெருவில் ஆள் வரும். "ஆச்சி, இன்னும் வரலையே, ஆட்டோ நிக்குது." பாட்டி தலையை முடிந்துகொண்டே கிளம்புவார். இடது ஆள்காட்டி விரலில் மை. அடுத்த பத்து நாளைக்கு அந்த விரலே சாட்சி. மைசூரில் செய்யும் மை, வெள்ளி நைட்ரேட், தேய்த்தால் போகாது, நகம் வளர்ந்துதான் போகும். இந்த ஏப்ரல் 19ம் தேதி அம்மா வாட்ஸப்பில் அனுப்பியதும் முகம் இல்லை, விரல் மட்டும்.

அதுவும் அழுத்தம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆட்டோவோடு வந்த ஆளைப் பாட்டிக்குத் தெரியும். "முட்டி வலிக்குதுடா, அப்புறம் வரேன்" என்று சொல்லலாம், அவன் சிரித்துவிட்டுப் போவான். எதிர் வீட்டுப் பெரியவருக்கு அந்த வசதி இல்லை. காகிதத்திடம் காரணம் சொல்ல முடியாது. காரணத்தைச் சொல்ல அவர் தெருவில் இறங்கி வர வேண்டியிருந்தது.

அக்டோபர் 24

நம்ப மாட்டீர்கள். இன்று எனக்கே வந்துவிட்டது. எந்த அமைப்பு என்று சொல்லப் போவதில்லை.

தடித்த மஞ்சள் அட்டை. ஒரு பக்கம் பெரிய எழுத்தில் "உங்கள் தெருவின் வாக்களிப்பு அறிக்கை". மறு பக்கம் ஒன்பது பெயர், முதல் எழுத்தும் குடும்பப் பெயரும், வீட்டு எண்ணோடு. 2018, 2020, 2022 என்று மூன்று பத்தி. போட்டவர்களுக்குப் பச்சை டிக், போடாதவர்களுக்குச் சிவப்பில் ஒரு கோடு. நாங்கள் காலியாகத்தான் விட்டிருந்தோம், இவர்கள் கோடு போட்டிருக்கிறார்கள். எனக்கு மூன்றும் பச்சை. ஒரு வினாடி பெருமையாக இருந்தது. அடுத்த வினாடியே கண் கீழே இறங்கி யார் யாருக்குச் சிவப்பு என்று தேட ஆரம்பித்துவிட்டது. பாதி படித்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது.

எங்கள் வரிசையில் எல்லா வீடும் இருக்கிறது. எதிர் வரிசையில் பெரியவர் வீடு மட்டும் இல்லை. அவர் வீட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் வீடு மாறவில்லை, காலையில் கூட இலை கூட்டிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 27

நேற்று மிச்சிகனில் முன்கூட்டியே நேரில் ஓட்டுப் போடும் ஒன்பது நாள் தொடங்கியது. ஜனாதிபதி தேர்தலில் இது இந்த வருடம்தான் முதல் முறை. போய்ப் போட்டுவிட்டு வந்தோம். என் பெண்ணுக்கு ஓநாய் மனிதன் ஸ்டிக்கர் வேண்டும். தெரியாதவர்களுக்கு: "நான் ஓட்டுப் போட்டேன்" ஸ்டிக்கருக்கு மாநிலம் போட்டி வைத்தது, ஜெயித்த ஒன்பது படங்களில் ஒன்று பள்ளி மாணவி ஒருத்தி வரைந்தது. அமெரிக்கக் கொடி முன்னால் ஓநாய் மனிதன் சட்டையைக் கிழித்துக்கொண்டு நிற்கிறான். நாடே பேசியது. எங்கள் சாவடியில் தீர்ந்துவிட்டது, அவளுக்கு அழுகை.

2010 நவம்பரில் ஃபேஸ்புக் செய்த சோதனை ஞாபகம் வந்தது. 6 கோடியே 10 லட்சம் பேரை வைத்து நடந்தது. நான் ஓட்டுப் போட்டேன் என்ற பொத்தானை அழுத்திய நண்பர்களின் முகத்தைக் காட்டினார்கள். முகம் பார்த்தவர்கள் கூடுதலாக வந்தார்கள், முகம் இல்லாத வெறும் அறிவிப்பு பார்த்தவர்களிடம் பலன் இல்லை. நேரடியாக 60,000 ஓட்டு, நண்பர்கள் வழியே 2,80,000 ஓட்டு கூடியதாக 2012ல் கட்டுரை வந்தது. யார் வந்தார்கள் என்று மட்டும்தான் அதில் தெரியும், வராதவர் பெயர் எங்கும் இல்லை. ஸ்டிக்கரும் அப்படித்தான், மையும் அப்படித்தான். மை இல்லாத விரலை யாரும் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவதில்லை.

நவம்பர் 2

தீபாவளிக் கூட்டத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். எழுதாமல் படுக்க முடியவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இந்த அட்டை பற்றிப் பேச்சு வந்தது. எல்லோருக்கும் வந்திருக்கிறது, எல்லோரும் சிரித்துக்கொண்டு யார் பெயிலு யார் பாஸு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆன்ட்டி ஒருவர் பேசாமலே இருந்தார். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வந்தவர், குடியுரிமை வாங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒரு தேர்தல் விட்டதில்லை. அவர் கட்டங்கள் அத்தனையும் பச்சை. "உங்களுக்கு வரலையா ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"வந்தது. கிழிச்சுப் போட்டன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, என்னிடம் மட்டும்: "லிஸ்ட்டோடதான் வந்தவங்கள், பிள்ளை. எந்த வீடு எங்கட வீடு எண்டு அவங்களுக்குத் தெரியும்."

1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப் போனது ஊரறிந்த விஷயம். நான் படித்திருக்கிறேன். படித்ததும் அவர் சொன்னதும் ஒன்றல்ல. வீட்டு எண்ணோடு பெயர்களை அடுக்கிய ஒரு தாள் அவர் கைக்கு வந்தால் அது என்னவாக இருக்கும் என்று நூலகத்துக்காக மேசையில் உட்கார்ந்து மடித்தபோது எனக்குத் தோன்றவே இல்லை. அன்று எங்கள் காகிதம் அவர் தெருவுக்கும் போயிற்று.

மிச்சிகன் வேறு, கொழும்பு வேறு என்று யாராவது எழுதுவீர்கள். எழுதாதீர்கள். அது அவருக்கும் தெரியும்.

நவம்பர் 3

சார்லட் வாசகிக்கு: அடியில் பொடி எழுத்தில் "இதற்குச் செலவு செய்தவர்" என்று ஒரு வரி இருக்கும். அவர்களுக்கு எழுதுங்கள், உங்கள் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். அரசு அனுப்பியது மாதிரித் தோற்றம் இருந்தால் மட்டும் மாநிலத் தேர்தல் வாரியத்துக்கு ஒரு நகல் அனுப்புங்கள். வீட்டில் வன்முறைக்குத் தப்பி முகவரியை மறைத்து வாழ்கிறவர் யாரையாவது தெரிந்தால், பல மாநிலங்களில் முகவரியைப் பட்டியலில் காட்டாமல் காக்கும் திட்டம் இருக்கிறது, மிச்சிகனிலும் இப்போது உண்டு, சொல்லி வையுங்கள்.

குழு நடத்துகிறவர்களுக்கு ஒன்று. காஸ்டஸ் பனகோபௌலோஸ் என்ற பேராசிரியர் வெட்கம், பெருமை இரண்டையும் சிற்றூர்களில் சோதித்துப் பார்த்தவர். ஆட்களை நகர்த்துவதில் வெட்கத்துக்குத்தான் வலு அதிகம் என்று அவரே கண்டார். பிறகு அவர் வெறும் நன்றிக் கடிதம் அனுப்பிப் பார்த்தார்: போன தேர்தலில் ஓட்டுப் போட்டதற்கு நன்றி, இந்த முறையும் வாருங்கள். அதற்கும் ஓட்டு கூடியது. தெருப் பட்டியல் அளவுக்கு இல்லைதான். நூலகத்துக்காக மறுபடி எழுதுவதாக இருந்தால் அதைத்தான் எழுதுவேன், குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை.

நவம்பர் 4

நன்றிக் கடிதமும் பதிவேட்டைப் பார்த்துத்தானே அனுப்புகிறார்கள் என்று ஒருவர் பிடித்திருக்கிறார். நியாயம். ஆனால் அது அந்த வீட்டுக்கு மட்டும் போகிறது.

நவம்பர் 17

தேர்தல் முடிந்ததும் "திருத்திய பட்டியல்" வந்ததா என்று நிறையப் பேர் கேட்டீர்கள். எங்கள் தெருவுக்கு எதுவும் வரவில்லை.

இன்று வெயில் இருந்தது. பெரியவர் வெளியே ஏணி போட்டுக் கூரை ஓரத்து இலைகளை அள்ளிக்கொண்டிருந்தார். போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். இறங்கியதும் சொல்லிவிட்டேன். 2022ல் வந்த காகிதம், அது நான் எழுதியது, உங்கள் பெயரைச் சேர்த்ததும் நான்தான் என்று.

"தெரியும்" என்றார்.

அடியில் பொடி எழுத்தில் குழுவின் முகவரி இருந்ததாம். சட்டப்படி போட வேண்டியது. குழுவுக்குத் தனி அலுவலகம் இல்லாததால் நான் என் வீட்டு முகவரியைத்தான் கொடுத்திருந்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் அன்று அவர் தபால் பெட்டி அருகே வந்து நின்றிருக்கிறார். நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கிறார். நான் அரசியலமைப்புத் திருத்தத்தை விளக்கினேன்.

அடுத்த வாரமே ஊர் கிளார்க் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுப் பெயரை எடுத்துவிட்டாராம். இந்த வருடம் உரிமம் புதுப்பிக்கப் போனபோது, மறுபடி தானாக ஏறிவிடக் கூடாது என்று, வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாராம். மஞ்சள் அட்டையில் அவர் வீடு ஏன் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

மன்னிப்புக் கேட்டேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நூலகம் ஜெயித்தது, இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன். "புதன்கிழமை தோறும் போகிறேன். பெரிய எழுத்துப் புத்தகங்கள் அங்கேதான் கிடைக்கின்றன." ஏணியை மடித்தார். அந்த முனையை நான் பிடித்துக்கொண்டேன், கராஜ் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைத்தோம்.